ஏழு மணிக்குப் போர் முடியும்

ஆற்றங்கரைக் கூடாரங்கள்,
ஜமாதுல் அவ்வல் 12

அக்கா நெஃபீஸேவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டுவிடாதே. எடுத்தது எடுத்தாய், கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் போடு. உன் மகன் இத்ரிஸ் கைதியாகப் பிடிபட்ட நாளிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். இவ்வளவு தூரத்திலிருந்து எழுதும்போதுதான் எனக்கே கொஞ்சம் தைரியம் வருகிறது.

சுல்தானின் சமாதானத் தூதுக்குழுவில் என்னை ஜோதிடராகச் சேர்த்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். எதிர்னே ஊர் முழுக்கத் தெரியுமே. பதினைந்து வருடச் சண்டை. நம் பக்கத்துத் தலைவர் கெனான் பாஷா. வியன்னாச் சக்கரவர்த்தியின் பக்கத்துத் தலைவர் ஓட்டோகார் பிரபு. நடுவே சமரசம் பேச ஒல்லாந்துத் தூதர் ஒருவர். ஆற்றோரம் பலகையால் ஒரு மண்டபம் கட்டி, இந்தப் பக்கம் நம் கூடாரங்கள், அந்தப் பக்கம் அவர்களுடையது. யார் முதலில் உட்காருவது என்ற வழக்கிலேயே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே வேகத்தில் நடந்து, ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று முடிவாகி, ஒல்லாந்துத் தூதர் நடுவில் நின்று கைக்குட்டை அசைக்கிறார். நம் பாஷாவுக்கு முழங்கால் வலி. அவர் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துப் பிரபுவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

இதற்காக எழுதவில்லை. கைதிகளைப் பற்றிய பேச்சு நேற்று முடிந்தது. கையெழுத்து விழுந்ததும் இரண்டு பக்கத்துக் கைதிகளையும் விட்டுவிட வேண்டும். ஒரு கோட்டை விஷயம் மட்டும் பாக்கி. அது தீர்ந்தால் கையெழுத்து. கையெழுத்தானால் உன் மகன் வீட்டுக்கு வருவான். இதை வேறு யார் வாயிலாகவும் நீ கேட்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

உன் தம்பி,
லுத்ஃபி


எதிர்னே,
ஜமாதுல் அவ்வல் 24

லுத்ஃபிக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அடுப்பு எரியவில்லை, அதனால்தான்.

நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறாய். என் மகன் படைக்குக் கிளம்பிய அன்று குதிரைக்கு லாடம்கூட அடித்து முடிக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமேடா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "அக்கா, வியாழன் இப்ப உச்சத்துல இருக்கு. இந்த நேரத்த விட்டா இப்படி ஒண்ணு வராது. ஜெயிச்சிட்டு வருவான் பாரு." நீ குறித்த நல்ல நேரத்தில்தான் அவன் போனான். திஸா ஆற்றில் படையே மூழ்கியது. அவன் கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். அப்பா மசூதியில் நேரம் பார்ப்பவராக இருந்தபோது உனக்கு நட்சத்திரக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கும்தான் சொல்லிக் கொடுத்தார். நான் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கல்யாணத் தரகு செய்கிறேன். மனிதர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

சரி. ஒரு சேதி. செருப்புக்காரர் தெருவுக்கு ஹிஸிர் என்று ஒருவர் தப்பி வந்திருக்கிறார். இத்ரிஸ் இருந்த அதே கோட்டையில் இருந்தவர். அல்வாத் தட்டோடு போய் உட்கார்ந்து கேட்டேன்.

"இருக்கான்மா ஒங்க புள்ள. அகழி தோண்ட வுட்டுருக்காங்க. பாட்டெல்லாம் பாடுவான், எல்லாரையும் சிரிக்க வெப்பான்."

"ஒடம்பு எப்படி இருக்கு?"

அந்த ஆள் கையிலிருந்த அல்வாவைத் திரும்பத் தட்டில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "இருமுறான்மா. தண்ணில நின்னுக்கிட்டே வேல. இந்தக் குளிருக்குள்ள வெளிய வந்துட்டா பொழச்சிக்குவான்."

நீ பாஷாவின் முழங்காலைப் பற்றி எழுதுகிறாய். எனக்கு அந்த இருமல்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பனி உருகுவதற்குள் முடிக்கச் சொல். உன் பாஷாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

நெஃபீஸே


ஆற்றங்கரைக் கூடாரங்கள்,
ஜமாதுல் ஆகிர் 8

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க இறைவன் அருள்வான். கையெழுத்துக்கு உகந்த நேரம் இன்னும் வானத்தில் அமையவில்லை. சபையில் இதை நான் மூன்று முறை அறிவித்திருக்கிறேன். கிரகங்களை அவசரப்படுத்த மனிதனால் ஆகாது. பொறுமையாக இரு. கடிதங்கள் பாஷாவின் அலுவலகம் வழியாகவே போய் வருகின்றன. எல்லோரும் அன்பாக நடத்துகிறார்கள்.

லுத்ஃபி


எதிர்னே,
ஜமாதுல் ஆகிர் 17

லுத்ஃபி,

அவசரப்படுத்த மனிதனால் ஆகாதா? என் மகனை அனுப்பும்போது மட்டும் அவசரப்படுத்த ஆயிற்றா?

உன் பெயர் இங்கே எப்படி அடிபடுகிறது என்று கேட்டுக்கொள். சமாதானம் தயாராக இருக்கிறதாம், ஒரு ஜோதிடன் குறுக்கே நிற்கிறானாம். அந்த ஜோதிடனுக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம், தரகு வேலை பார்க்கிறவளாம். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவள் நான். இந்த மாதம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பெண்கள் குளியல் மண்டபத்துக்குப் போனேன். நான் உட்கார்ந்த கல்லிலிருந்து எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். கடைசியில் கெவ்ஹர் மட்டும் எதிரே வந்து நின்றாள். லாயக்காரர் மனைவி, உனக்குத் தெரியும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இத்ரிஸோடு அதே அகழியில்தான் நிற்கிறார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி நெஃபீஸே, ஒன் தம்பி வானத்துக்குச் சாவி வச்சிருக்கானாமே? கொஞ்சம் தொறக்கச் சொல்லேன்!"

ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் எழுந்து வந்துவிட்டேன். நானா எழுந்து ஓடுகிறவள்?

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடியும் படித்தேன். "மதிப்புக்குரிய அக்காவுக்கு." நீ என்னை என்றைக்கு மதித்தாய்? இது நீ எழுதிய கடிதம் மாதிரி இல்லை. யாரோ உன் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார்கள் என்றால் அதை எனக்குத் தெரியப்படுத்த வழி தேடு. இல்லை, நீயே மனதார எழுதியதுதான் என்றால் இனிமேல் எழுதாதே. அடுப்பு இப்போது நன்றாக எரிகிறது.

நெஃபீஸே


ஆற்றங்கரைக் கூடாரங்கள்,
ஜமாதுல் ஆகிர் 27

அக்கா,

இதைக் கொண்டு வருகிறவர் ராகுசாவைச் சேர்ந்த துணி வியாபாரி. நல்ல மனிதர். பதிலையும் இவரிடமே கொடு, வேறு யாரிடமும் வேண்டாம்.

நீ சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறாய். வானத்தில் ஒரு குறையும் இல்லை. வந்த வாரமே கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். ஷஃபான் மாதம் நான்காம் நாள் அருமையான நேரம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பாஷாவின் கூடாரத்துக்குப் போனேன்.

"என்ன சொல்லுது வானம்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு பாஷா. வர்ற ஷஃபான்ல..."

"நா அதக் கேக்கல. வானம் சரியில்லன்னு சொல்லுது. அப்படித்தானே?"

நான் முழித்தேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். ஆக்தெபெக் கோட்டை யாருக்கு என்பது மட்டும்தான் பாக்கி. பனியில் கிடந்து கிடந்து வியன்னாக்காரர்கள் சலித்துப் போய்த் தாமாகவே விட்டுக்கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதுவரை நேரத்தை இழுக்க ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கு நான். ஒவ்வொரு சபையிலும் ஒல்லாந்துத் தூதர் "கையெழுத்து எப்போது?" என்று கேட்பார். பாஷா என் பக்கம் திரும்பி, "நட்சத்திரங்கள் பேசட்டும்" என்பார். நான் எழுந்து "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அந்தப் பக்கத்துப் பிரபுவும் இதே கணக்கில்தான் இருக்கிறாராம்: நாம் சலித்துப் போவோம் என்று. இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் தும்மலை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை முறை பொய் சொல்லிவிட்டேன். இத்ரிஸுக்கு நேரம் குறித்தபோது நான் பொய் சொல்லவில்லை, அக்கா. கணக்கு அப்படித்தான் வந்தது. ஏன் அப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, தினமும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் இப்போது தெரிந்தே பொய் சொல்லி அவனை அந்தத் தண்ணீரில் நிற்க வைத்திருக்கிறேன். பாஷாவை மீறினால் என் தலை போகும். மீறாவிட்டால் நான் எந்த முகத்தோடு உன் தெருவுக்கு வருவது? சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு வந்து உன் முன்னால் நிற்பேனே, அப்படி நிற்கிறேன். ஏதாவது சொல்.

லுத்ஃபி


எதிர்னே,
ரஜப் 7

லுத்ஃபி,

உன் வியாபாரி வந்தார். சூப்பும் ரொட்டியும் கொடுத்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் துணி விலை சொல்லும்போது கண்ணைச் சிமிட்டுகிறார்.

ராஜாங்க விஷயத்தில் நான் உனக்கு என்ன சொல்ல? எனக்குத் தெரிந்தது கல்யாணம். ஊர்க்கதை ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சாயக்காரர் மகளுக்கும் சேணக்காரர் மகனுக்கும் போன கோடையில் பேச்சு ஆரம்பித்தேன் இல்லையா? எல்லாம் முடிந்தது. ஒரு வாதுமை மரச் சீர்ப்பெட்டியில் வந்து நின்றது. அதைப் பெண் வீட்டார் செய்து அனுப்புவதா, மாப்பிள்ளை வீட்டார் செய்து வைப்பதா? இவர்கள் வாயைத் திறக்கட்டும் என்று அவர்கள், அவர்கள் இறங்கி வரட்டும் என்று இவர்கள். ஐந்து மாதம். அந்தப் பெண் அழுது அழுது பாதியாகிவிட்டாள். போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன். கடைத்தெரு முழுக்க அடித்துக்கொண்டு போகச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை சாயக்காரர் வீட்டில் கல்யாண மருதாணி, எல்லோரும் வாருங்கள்!

இரண்டு வீட்டாரும் பாய்ந்து வந்தார்கள்.

"யாரக் கேட்டுச் சொன்னே?"

"யாரையும் கேக்கல. சொல்லிட்டேன்."

"நாங்க இன்னும் ஒத்துக்கவே இல்லையே!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஆளுக்கு ஒரு தெருவா எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய், கல்யாணம் இல்லன்னு சொல்லிட்டு வாங்க. நா இங்கயே ஒக்காந்திருக்கேன்."

யார் போவார்கள்? யார் முதலில் போகிறாரோ அவர்தானே கல்யாணத்தைக் கெடுத்தவர்! சேணக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சாயங்காலத்துக்குள் பெட்டி விஷயம் முடிந்துவிட்டது. ஆளுக்குப் பாதி மரம். மருதாணி நன்றாகச் சிவந்தது.

இதை ஏன் எழுதினேன் என்று கேட்காதே. சும்மா ஊர்க்கதை. கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொள்.

அக்கா


ஆற்றங்கரைக் கூடாரங்கள்,
ரஜப் 19

அக்கா,

கொட்டு அடித்துவிட்டேன்.

இன்று காலை சபை. ஒல்லாந்துத் தூதர் வழக்கம் போலக் கேட்டார். பாஷா வழக்கம் போல என் பக்கம் கையை நீட்டி, "நட்சத்திரங்கள் பேசட்டும்" என்றார். நான் எழுந்தேன். முன்னாலிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டேன். குரல் மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, மண்டபம் அதிர வந்தது.

"ஷஃபான் நான்காம் நாள். ஏழு மணி. அந்த நேரத்தில் போடும் கையெழுத்து நிலைக்கும். அதை விட்டால் அடுத்த குளிர்காலம் வரை வேறு நேரம் இல்லை."

பாஷா வாயைத் திறப்பதற்குள் மொழிபெயர்ப்பாளர் அதை லத்தீனில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. ஓட்டோகார் பிரபு எழுத்தர் காதில் ஏதோ சொல்கிறார், எழுத்தர் வேகமாக எழுதுகிறார். வாசல் காவலன் காதில் விழுந்தது, சமையல்காரன் காதில் விழுந்தது, மத்தியானத்துக்குள் இரண்டு கரையிலும் சிப்பாய்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்துகிறார்கள். நம் ஆட்களுக்கும் அவர்கள் ஆட்களுக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

பாஷா என்னைக் கூடாரத்துக்குள் இழுத்துப் போனார்.

"ஒன்ன யாருடா பேசச் சொன்னது?"

"நீங்கதான் பாஷா. நட்சத்திரம் பேசட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நா சொல்றதத்தானேடா அது பேசணும்!"

"அப்ப நாளைக்குச் சபையில சொல்லிடுங்க பாஷா, ஜோசியன் ஒளறிட்டான்னு. ஆனா இந்த ஜோசியன் சொன்னான்னுதான் இத்தன தடவ தள்ளிப் போட்டோம். அதுவும் ஒளறல்னு ஆயிடுமே."

அவர் முகம் சிவந்து, கறுத்து, மறுபடியும் சிவந்தது. கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாலாம் தேதி ஏழு மணிக்குக் கையெழுத்து விழலன்னா, ஏழே காலுக்குப் பனிய ஒடைச்சி ஒன்ன ஆத்துல எறக்கிடுவேன். நானே எறக்குவேன், முழங்கால் வலியோட."

ஆக்தெபெ இன்னும் தீரவில்லை. ஆனால் மண்டபத்தில் விளக்கு அணைவதே இல்லை. இதுவரை ஆளுக்கு ஆள் தும்மலை எண்ணியவர்கள் இப்போது நாளை எண்ணுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அதே சமயம் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இன்று பசி எடுத்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

லுத்ஃபி


எதிர்னே,
ரஜப் 28

அடேய்,

நான் கதைதானே சொன்னேன்! நீ கழுத்தையே நீட்டிவிட்டாயே!

கல்யாணம் நின்றால் தரகுக்காரிக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். உனக்கு அப்படியா? கடிதத்தைப் படித்ததிலிருந்து கை வேலையில் ஓடவில்லை. மகன் அங்கே, தம்பியும் அங்கே. இரண்டு பேரையும் அந்த ஆறே வைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் உனக்கு ஏதாவது ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

சேதி ஊருக்கு வந்துவிட்டது. நேற்று கெவ்ஹர் ஒரு சட்டி கோழிச் சூப்போடு வந்தாள். வாசலில் நின்றபடி, "சாவி கெடச்சிடுச்சாமே" என்றாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

நான்காம் தேதி இந்தத் தெருப் பெண்கள் யாரும் தூங்கப் போவதில்லை. உன் வானம் பொய்க்கட்டும், நிஜமாகட்டும், நீ உயிரோடு வா.

அக்கா


ஆற்றங்கரைக் கூடாரங்கள்,
ஷஃபான் 5

அக்கா,

போர் முடிந்தது! நேற்று இரண்டு கரையிலும் பீரங்கி முழங்கியது, ஒன்றுகூட யார் மேலும் குறி வைக்கவில்லை.

எப்படி முடிந்தது தெரியுமா? ஒரு மடத்தனத்தால். என் மடத்தனம்.

மூன்றாம் தேதி இருட்டிய பிறகும் ஆக்தெபெ தீரவில்லை. பாஷா என்னைப் பார்த்து ஒரு சம்மட்டியைக் காட்டினார், பனியை உடைக்கிற சம்மட்டி. நான் தொழுதுவிட்டுப் படுத்தேன். காலையில் வெளியே ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஓட்டோகார் பிரபு முழு அலங்காரத்தோடு மண்டபத்து வாசலில் நிற்கிறார். பொய்முடி மேல் பனி விழுந்து உறைந்திருக்கிறது. பின்னால் அவர் ஆட்கள் எல்லோரும். நம் பக்கம் ஒரு நாய்கூட எழுந்திருக்கவில்லை.

நம் கடிகாரம் சூரியன் மறைந்ததிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு மணியாக இரண்டு சுற்று எண்ணும் என்பது எனக்கு மூச்சு விடுவது போல. இதுவரை சபை தூதரின் கைக்குட்டைக்குத்தான் கூடியது, கடிகாரத்துக்கு அல்ல; அதனால் அதைச் சொல்லவே தோன்றவில்லை. நம் பகல் ஏழு மணி என்றால் இரண்டாம் சுற்றின் ஏழு, உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால். அவர்கள் கடிகாரம் நள்ளிரவிலிருந்து எண்ணும். அவர்களுடைய ஏழு மணிக்கு வந்து நிற்கிறார்கள்!

"எங்கள வேணும்னே வெளிய நிக்க வெச்சி அவமானப்படுத்துறீங்க" என்று பிரபு கத்துவதை மொழிபெயர்ப்பாளர் நடுங்கிக்கொண்டே சொன்னார். "வண்டியத் திருப்புங்க, போவோம்." குதிரைகளைத் திருப்பவும் தொடங்கிவிட்டார்கள். நான் வெறுங்காலோடு பனியில் ஓடினேன். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னோடது, என்னோடது" என்று எனக்குத் தெரிந்த நான்கு லத்தீன் வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அதற்குள் பாஷா எழுந்து வந்துவிட்டார். ஆட்டுத்தோல் சட்டை, தலையில் தூங்கும் குல்லா, முழங்காலில் ஒத்தடத்துக்குக் கட்டிய உப்பு மூட்டை. பிரபுவின் உதடு நீலமாகியிருப்பதைப் பார்த்தார். "மொதல்ல உள்ள வாங்க, விறைச்சிப் போயிடுவீங்க. திட்டுறத நெருப்புப் பக்கத்துல ஒக்காந்து திட்டுங்க" என்றார். மண்டபத்தில் நெருப்பு இல்லை. காபிக் கூடாரத்தில்தான் இருந்தது. கைக்குட்டை இல்லை, வரிசை இல்லை. யார் முதலில் நுழைந்தார்கள், யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்று யாருமே பார்க்கவில்லை.

இரண்டு கோப்பை காபி போன பிறகு பிரபு அந்த உப்பு மூட்டையைக் காட்டி என்னவென்று கேட்டார். தமக்கும் முழங்கால் வலி என்றார். இத்தனை நாள் நம் பாஷாவுக்காகத்தான் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று நினைத்தேன்! பாஷா இன்னொரு மூட்டையைச் சுட வைத்து அவருக்குக் கட்டிவிடச் சொன்னார். நான்தான் கட்டினேன், அதனால் மொழிபெயர்ப்பாளர் சொன்னதெல்லாம் என் காதிலேயே விழுந்தது.

"ஆக்தெபெ மேல நீங்க ஏறியிருக்கீங்களா?" என்று பாஷா கேட்டார்.

"ஒரு தடவ. எங்க கையில இருந்தப்ப. என்ன படி அது! அன்னிக்குப் போன முழங்கால்தான்."

"எனக்கும் அங்கதான் போச்சு. எங்க கையில இருந்தப்ப."

பாஷா எட்டிப் பிரபுவின் கோப்பையில் காபி ஊற்றினார்.

"இன்னும் யாரோட முழங்காலுக்காக அத வெச்சிருக்கோம்?" என்று பிரபு கேட்டார்.

"இடிச்சிடலாமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து இடிச்சா, ரெண்டு பேருக்கும் இல்ல."

எழுத்தர்கள் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். நம் கணக்குப்படி ஏழு மணிக்கு எல்லோரும் மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்தோம். சூரியன் வந்திருந்தது. இறகு காகிதத்தில் உரசும் சத்தம் அத்தனை பேர் நடுவே தெளிவாகக் கேட்டது. பாஷா கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "தப்பிச்சே."

அப்புறம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன், அக்கா. ஜெயித்துவிட்டோம். நம் ஆட்கள் மட்டும் ஜெயித்ததில்லை இது. அந்தக் கரையிலும் ஆடுகிறார்கள்.

லுத்ஃபி


ஆற்றங்கரைக் கூடாரங்கள்,
ஷஃபான் 19

அக்கா,

வண்டிக்கு முன்னால் போகிற குதிரைக்காரர் கிளம்பப் போகிறார், அதனால் சுருக்கமாக.

இன்று கைதிகள் மாற்றம். ஆற்றுப் பனியை உடைத்து வழி வெட்டியிருந்தார்கள், இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் படகுகள் கிளம்பின. நடு ஆற்றில் படகுகள் ஒன்றையொன்று கடக்கும்போது, ஒருவரை ஒருவர் பார்த்தே அறியாத இரண்டு பக்கத்துக் கைதிகளும் கை அசைத்துக்கொண்டார்கள். நான் கரையில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். எல்லோரும் தாடி, எல்லோரும் எலும்பு. "இத்ரிஸ்! இத்ரிஸ்!" என்று கத்தினேன். கெவ்ஹரின் பெரியவன் திரும்பினான், தம்பியைத் தோளில் தாங்கியிருந்தான். சின்னவனுக்குக் கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் நடக்கிறான். கெவ்ஹரிடம் இப்போதே போய்ச் சொல்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்:

"மாமா, நா எப்பவோ எறங்கிட்டேன். நீங்க ஆத்தப் பாத்துக் கத்திக்கிட்டு இருக்கீங்க."

பாதி உடம்புதான் இருக்கிறான். இருமல் இருக்கிறது. பாஷாவின் வைத்தியர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, சூடான வீடும் நல்ல சாப்பாடும் இருந்தால் வசந்தத்துக்குள் சரியாகிவிடும் என்றார். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைக் கிளப்பிவிட்டவன் நான்தானே என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "மாமா, பசிக்குது" என்றான். ஐந்து கிண்ணம் கஞ்சி குடித்தான்.

வண்டியில் வைக்கோல் போட்டு, மூன்று கம்பளி போட்டு ஏற்றியிருக்கிறேன். கோட்டையை இடிக்கும் நாள் குறிக்க வேண்டுமாம், நான் இங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. அவன் வருகிறான். அடுப்பை மூட்டு.

லுத்ஃபி


எதிர்னே,
ரமலான் 3

தம்பி லுத்ஃபிக்கு,

வந்துவிட்டான்.

வண்டி தெரு முனையில் திரும்பும்போதே பிள்ளைகள் ஓடி வந்து சொல்லிவிட்டார்கள். நான் மாவுக் கையோடு ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கினான். யாரும் தாங்கவில்லை, தானே இறங்கினான். "என்னம்மா, கிழவி ஆயிட்டே" என்றான். அவனை இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டேன். கெவ்ஹர் அவள் பிள்ளைகளோடு வந்தாள். நடுத்தெருவில் நின்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா! குளியல் மண்டபத்தில் என்னை விட்டு நகர்ந்தவர்கள் எல்லாம் தட்டுத் தட்டாகப் பலகாரம் கொண்டுவந்து குவித்தார்கள். நான் ஒவ்வொருத்தி முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். விடுவேனா?

சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில் ஊரில் பீரங்கி வெடித்தது. அவன் திடுக்கிட்டுக் கிண்ணத்தைக் கீழே போட்டான். அப்புறம் நம் மசூதியின் நோன்புப் பீரங்கி என்று ஞாபகம் வந்து, அவனே விழுந்து விழுந்து சிரித்தான். இருமல் வந்தது. அதோடேயே சிரித்தான்.

உன்னோடு எனக்கு இருந்த கணக்கைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. நீ வரும்போது முகத்தைத் திருப்ப மாட்டேன். அதற்குமேல் எதிர்பார்க்காதே, எனக்கு அது வராது. ஆனால் உனக்குப் பிடித்த கத்தரிக்காய் வற்றல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவனுக்குப் படுக்கை போட்டு, குளிருக்குக் கதவைச் சாத்தினேன். எழுந்து திறந்துவிட்டான். மறுபடியும் சாத்தினேன். "சாத்தாதம்மா" என்றான். தாழ் விழும் சத்தம் கேட்டால் தூக்கம் வராதாம். இப்போது தெருக்கதவு திறந்தே கிடக்கிறது. பனிக்காற்று உள்ளே வருகிறது, அடுப்பு விறகைத் தின்கிறது, பூனைகள் எல்லாம் வந்துவிட்டன. நெருப்புப் பக்கத்தில் ஐந்து கம்பளிக்குள் கிடந்து என் மகன் வாயைத் திறந்துகொண்டு பட்டப்பகலில் தூங்குகிறான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கட்டும்.

அக்கா